தம்பி எழுதாத பதில்கள்

முஸ்லிம் வரன் பார்க்கும் நிக்காஹ் செயலியில் ஒரு விதி உண்டு. பெண்ணிடம் ஆண் எழுதும் ஒவ்வொரு வரியையும் அவளுடைய பொறுப்பாளரும் பார்க்க வேண்டும். பொறுப்பாளரின் எண் கேட்ட இடத்தில், மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் அவள், கடையின் இன்னொரு எண்ணைப் போட்டுவிட்டு உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினாள். தகப்பனார் இல்லை. தம்பி இருந்தான். ஆனால் தலாக் ஆனவள், முப்பத்தாறு வயதில், அவன் எதிரில் போய் நின்று, எனக்குத் துணை வேண்டும் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

செயலி வழியாக அவளுக்கு எழுதத் தொடங்கிய கணக்கு வாத்தியார் ஒழுங்கானவர். அவளிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் தம்பியின் சம்மதத்தைக் கேட்டார். கடையின் அந்த எண்ணிலிருந்து அவளே தம்பியாகச் சம்மதித்தாள். பிறகு கேட்காததையும் எழுதத் தொடங்கினாள். எங்கள் அக்கா தங்கம். எவ்வளவோ நடந்தும் ஒருநாள்கூட அழுததில்லை. தன்னைப் பற்றி யாரோ நல்லதாகச் சொல்வதுபோல் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை அம்மாவோட வர்றேன். உங்கள நேர்ல பார்க்கணும் தம்பி" என்று அவர் எழுதிய அன்று, போனை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

அவன் படித்தான். "தங்கமா? இத நான் எப்பக்கா சொன்னேன்?" என்று சிரித்தான். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. "அழுததே இல்லையா?"

"நீ பார்த்ததில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கூச்சமா இருந்துச்சுடா."

"அந்த மனுஷன ஏமாத்த மட்டும் கூச்சமா இல்லையா?"

அவள் தரையைப் பார்த்தாள். "எல்லாம் நீ எழுதினதாவே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துடு."

"முடியாதுக்கா." அந்தப் போனிலிருந்தே வாத்தியாரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான். "நீயே சொல்லு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

தம்பி பேரில் எழுதியது தான்தான் என்று சொன்னாள்.

"தம்பிகிட்ட குடுங்க" என்றார் வாத்தியார்.

சலாம் சொல்லிவிட்டு அவர் கேட்டார். வயது சரிதானா, தலாக் முறையாக முடிந்ததா, கடை அவளுடையதுதானா. ஒவ்வொன்றுக்கும் தம்பி "ஆமாங்க" என்றான். அவள் தானே முன்பு அவருக்கு எழுதியவை எல்லாம், அவள் நிற்கும்போதே இன்னொருவர் வாயால் உறுதியாகிக்கொண்டிருந்தன. காது எரிந்தது.

"இந்த ஞாயிறு வேண்டாம். யோசிக்கணும். எதுவா இருந்தாலும் உங்களுக்கே சொல்றேன்" என்று தம்பியின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

தம்பி போனைத் திருப்பிக் கொடுத்தான். "வேண்டாம்னு சொல்லிட்டா, உன்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

"அவர் சொன்னத அப்படியே சொல்லு" என்றாள்.