நசுங்காத நான்கு எலுமிச்சம்பழங்கள்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். இன்றைக்கு ஒரு காரின் கதை சொல்கிறேன். கார் என்றதும் பயப்பட வேண்டாம். இதில் விபத்து இல்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. முடியும்போது எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டு எழுந்திருப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

மைசூர் வித்யாரண்யபுரத்தில் கருப்புசாமி என்று ஒருவர் இருக்கிறார். சொந்த ஊர் ராமாபுரம். ஊருக்குள் தேவராஜ மொஹல்லா கடைவீதியில் வாழையிலைக் கடை. மனைவி நிர்மலா. வீட்டு வாசலில், புங்கமர நிழலில், சாம்பல் நிற ஃபோர்டு ஃபிகோ ஒன்று. இன்னொருவர் ஓட்டி விற்ற வண்டிதான். வாங்கும்போது ஒரே ஒரு சாவிதான் கைக்கு வந்தது. அந்த ஒற்றைச் சாவியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்புசாமிக்கு அந்த வண்டி மேல் இருந்த பிரியத்தை என்னவென்று சொல்ல! கதவைச் சாத்தினால் பெரிய இரும்புப் பெட்டியை மூடுவது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே இரண்டு தடவை சாத்துவார். பஸ் ஏறினாலே நிர்மலாவுக்குத் தலை சுற்றும். மாதேஸ்வரன் மலை வளைவுகளில் இந்த வண்டியில் போனால் மட்டும் அம்மாள் முந்திரிப்பருப்பு தின்றுகொண்டு வருவாள். அமாவாசைக்கு அமாவாசை இருவரும் மலைக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் ராமாபுரத்தில் நிர்மலாவின் அம்மாவைப் பார்த்து வருவார்கள்.

வண்டியை விட அந்தக் கம்பெனியின் கதை அவருக்கு இன்னும் பிடிக்கும். இலை வாங்க வருகிறவர்கள் அவசரத்தில் இருந்தாலும் விடமாட்டார். அமெரிக்காவில் டெட்ராயிட் என்று ஒரு ஊர், அங்கே 1903இல் தொடங்கினார்கள், கறுப்புக் கார் ஒன்று போட்டார்கள், லட்சக்கணக்கில் ஓடியது என்பார். "வேலைக்காரன் நின்ன எடத்துலயே நிப்பான். வண்டிதான் நகந்து நகந்து அவங்கிட்ட வரும். அவனவன் அவனோட திருகாணிய மட்டும் முடுக்குவான்" என்று கையை ஆட்டிக் காட்டுவார். கடையிலும் அதே முறைதான். கனகா இலையை நறுக்குவாள், மாரியம்மா துடைப்பாள், கருப்புசாமி அடுக்கிக் கட்டுவார். யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மாரியம்மா தும்மினால் மொத்த வரிசையும் நின்றுவிடும்.

2021இல் அந்தக் கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்தது. அன்றைக்குக் கடையில் யாரும் கதை கேட்கவில்லை. எதிர் கடை இராமச்சந்திரன்தான் வந்து நின்றார்.

"என்ன கருப்பண்ணா, அமெரிக்காக்காரன் மூட்டைய கட்டிட்டான். நீங்க இன்னும் காவல் காக்கறீங்க?"

"அவங்க 1926லயே இங்க வந்தவங்கப்பா. சொதந்திரம் வந்து கொஞ்ச வருசத்துல கெளம்பிப் போனாங்க. தொண்ணூத்தஞ்சுல திரும்பி வந்து மறைமலை நகர்ல ஆலையப் போட்டாங்க. ஒருக்கா போயிட்டு வந்தவன் இன்னொருக்கா வரமாட்டானா?"

"அவன் வர்றதுக்குள்ள உங்க வண்டி போயிரும்."

இராமச்சந்திரன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல் மட்டும் கருப்புசாமிக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. பழுது பார்க்கிற இடங்கள் ஊரில் இருக்கத்தான் செய்தன, உதிரிபாகமும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வண்டியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் போதும், அவர் முகம் வாடிவிடும். அவரைப் போன்றவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். சேலத்தில் ஒருவரிடம் முகப்பு விளக்கு இருக்கிறது, கோவையில் ஒருவரிடம் கண்ணாடி இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். காலையில் எழுந்ததும் அதைப் படித்தால்தான் கருப்புசாமிக்குக் காபி இறங்கும்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்கு எந்த வீதியில் நின்றாலும் தண்ணீர் ஓடும், சைக்கிள் முதல் பஸ் வரைக்கும் குளித்து முடிக்கும். காலையில் கருப்புசாமி பெட்ரோல் போட்டு வந்து, வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். சந்தோஷம் தலைக்கேறியதில் முன்மூடியைத் திறந்து இன்ஜினுக்கும் பைப்பால் பீய்ச்சினார்.

"ஏனுங்க, உள்ளுக்கெல்லாம் எதுக்குத் தண்ணி அடிக்கறீங்க?" என்று நிர்மலா உள்ளிருந்து கத்தினாள்.

"வருசத்துக்கு ஒருக்கா அதுவும் குளிக்கட்டுமே புள்ள."

பூஜைக்கு நேரமானது. நிர்மலாவின் அக்கா மாதம்மா, மாதேஸ்வரன் மலையிலிருந்து ஒரு செப்புத் தகடு கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வண்டிக்குக் கண்ணு படாமலும் கள்ளன் கை படாமலும் இருக்க வேண்டும் என்று மந்திரித்த தகடு. வண்டியில் எங்கேயாவது வைத்தால் தொலைந்துவிடும் என்று நிர்மலாவுக்குப் பயம். அதனால் அதைச் சாவியின் கறுப்புத் தலையைச் சுற்றி அமுக்கி மடித்து, மேலே சிவப்பு நூலை ஒன்பது சுற்று இறுக்கிக் கட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சாமி முன்னால் வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, குட்டி அம்மன் மாதிரி.

மாலை போட்டு, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டி அதன் மேல் ஏறி நகர்ந்தால் திருஷ்டி கழிந்தது என்று கணக்கு. கருப்புசாமி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

இன்ஜின் எழவில்லை.

மறுபடி திருகினார். மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு படபடவென்று இமைத்ததே தவிர வேறொன்றும் இல்லை. வீதியே பார்த்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் நான்கும் முழுசாகக் கிடந்தன. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து தள்ளித்தான் பழங்களை நசுக்க வேண்டியதாயிற்று. தள்ளி நசுக்கினால் பலன் உண்டா என்று ஒரு கிழவர் சந்தேகம் வேறு கிளப்பினார்.

"தண்ணியடிச்சுக் கொன்னுபோட்டீங்க" என்றாள் நிர்மலா. கருப்புசாமி முன்மூடியைத் திறந்து ஈரத்தைத் துணியால் ஒற்றினார். அவருக்கும் அதுதான் மனசில் ஓடியது.

வீதி முனையில் பட்டறை வைத்திருக்கும் கிரண் வந்து பார்த்தான். எல்லா வண்டியையும் ஒரு கை பார்க்கிற பையன், மனசு நல்லது. இரண்டு நாள் குடைந்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணா, கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கு போல. அந்த லைட் அடிக்குதுல்ல, அதான். கம்பெனியே போயிருச்சு, பெட்டிக்கு எங்க போறது?"

இதைத்தான் கருப்புசாமி நான்கு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். பயந்தது நடந்துவிட்டால் மனுஷனுக்கு அதைச் சரிபார்க்கவும் தோன்றாது, பாருங்கள். வேறு இடத்தில் காட்டலாமே என்று அவருக்கு எண்ணமே வரவில்லை. குழுவில் மட்டும் நான்கு வரி எழுதிப் போட்டார். ஈரோட்டிலிருந்து ஒரு வாத்தியார், "வேறு சாவி போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "என்னிடம் ஒரே சாவிதான்" என்று கருப்புசாமி பதில் எழுதிவிட்டுப் போனை மூடி வைத்தார்.

வண்டி புங்கமரத்தடியில் நின்றது. பூ உதிர்ந்தது, காக்கை எச்சம் விழுந்தது. தினமும் காலையில் கருப்புசாமி போய் ஒரு தடவை திருகுவார். சிவப்பு விளக்கு இமைக்கும். இறங்கி, கதவை ஒரே தடவை மெதுவாகச் சாத்திவிட்டு வருவார். கடையில் கதை நின்றுபோனது. மாரியம்மா தும்மினால்கூட யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

தீபாவளி நெருங்கியது. நிர்மலாதான் முடிவாகச் சொன்னாள்.

"செத்த வண்டி வாசல்ல நிக்கக் கூடாதுங்க. பண்டிகைக்கு முன்ன அனுப்பிப்போடலாம். எனக்கு மட்டும் ஆசையா? மலைக்குப் பஸ்ஸுல வாந்தியெடுத்துக்கிட்டுதான் போவோணும். போறேன், என்ன பண்றது."

கருப்புசாமி தலையை ஆட்டினார். குஜரிக்காரர் பரத்துக்குப் போன் பண்ணினார். பழைய இரும்பு எடுக்கிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. விளக்கும் ஹாரனும் வேலை செய்தால் விலை கொஞ்சம் கூடும் என்று கிரண் முதல் நாளே வந்து பேட்டரியைச் சார்ஜ் பண்ணி மாட்டி வைத்தான். "பேட்டரி புதுசுண்ணா, இரும்போட போட்றாதீங்க. நாளைக்கு வந்து நானே கழட்டிக்கறேன்" என்றான்.

மறுநாள் பத்து மணிக்குப் பரத் லாரியோடு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"செனாகிதே அண்ணா, நல்லாத்தானே இருக்கு வண்டி! இதப் போய் ஏன் ஒடைக்கக் குடுக்கறீங்க?"

"நெஞ்சு நின்னுபோச்சுங்க" என்றார் கருப்புசாமி.

"சரி, சாவி குடுங்க. ஸ்டேரிங் லாக் எடுத்தாத்தான் லாரில ஏத்த முடியும்."

கருப்புசாமி சாவியை நீட்டினார். நடுவில் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள் நிர்மலா.

"ஏனுங்க, புத்தி கெட்டுப் போச்சா? மாதேஸ்வரன் தகட்டோட குஜரிக்குக் குடுப்பாங்களா யாராச்சும்? நாளைக்கு அக்கா மொகத்துல நான் முழிக்க வேண்டாமா?"

"அத எடுத்துப்போட்டுத்தான் குடேன்."

கத்தரிக்கோல் எங்கேயோ போயிருந்தது. நிர்மலா நூலைப் பல்லால் கடித்து, ஒன்பது சுற்றையும் பிரித்தாள். மடித்து அமுக்கிய தகட்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது. தகட்டைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் சாவியைக் கொடுத்தாள். பிள்ளையின் நகையைக் கழற்றிக் கொடுப்பது போல இருந்தது அவளுக்கு. கண் கலங்கிவிட்டது.

"லாக் நானே எடுத்துவுடறனுங்க" என்றார் கருப்புசாமி பரத்திடம். "கடைசியா ஒருக்கா உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். அந்தப் பெட்டிச் சத்தம் வந்தது. ஸ்டேரிங் விடுபட அரைத் திருகல் போதும். ஆனால் கைக்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, கண்ணுகளா! கை தானாக முழுசாகத் திருகிவிட்டது.

வண்டி உறுமி எழுந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. லாரிதான் கிளம்புகிறதோ என்று நிர்மலா திரும்பிப் பார்த்தாள். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. கருப்புசாமி ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே இருந்தார். அணைத்தால் மறுபடி வராதோ என்று பயம். பேட்டரியைக் கழற்ற ஸ்பானரோடு வந்த கிரண் தெருமுனையிலிருந்து ஓடி வந்தான்.

"அண்ணா, என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலியே! தகட்டத்தான் எடுத்தா."

கிரண் சாவியைப் பார்த்தான், நிர்மலாவின் இடுப்பில் மின்னிய செம்பைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். "அணைச்சுட்டு அந்தத் தகட்ட மறுபடி சுத்துங்க" என்றான். பயந்துகொண்டே சுற்றினார்கள். வண்டி எழவில்லை, சிவப்பு விளக்கு இமைத்தது. தகட்டை எடுத்தார்கள். வண்டி எழுந்தது. இரண்டு தடவை அப்படிச் செய்து பார்த்தும் ஆசை தீரவில்லை.

நடந்ததைக் குழுவில் எழுதியதும், ஈரோட்டு வாத்தியார் தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்து பதில் அனுப்பினார். சாவியின் தலைக்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறதாம். அது வண்டியோடு பேசினால்தான் இன்ஜின் எழுமாம், கள்ளச் சாவிக்கு எழாதாம். செப்புத் தகடு நடுவில் நின்று அந்தப் பேச்சை மறித்துவிட்டது. தண்ணீர் மேல் குற்றமே இல்லை. "கம்பெனி போனாலும் சர்வீஸ் இருக்கிறது, ஐயா. முதலில் இன்னொரு சாவி செய்து வையுங்கள்" என்றும் சொன்னார். கிரண் காதைப் பிடித்துக்கொண்டு, "இனிமே முதல்ல சாவியத்தான் பாப்பேன்" என்றான்.

பாவம் பரத், லாரியோடு வந்தவர் வெறுங்கையோடு போவதா? பின்கட்டில் கிடந்த உடைந்த கிரைண்டரும் துருப்பிடித்த இரும்புக் கட்டிலும் லாரியில் ஏறின. காபியும் குடித்தார். "ஒடைக்க வந்து பொழைக்க வெச்சுட்டுப் போறது இதான் முதல் தடவை" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நிர்மலா மட்டும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இருபது நாள் புருஷனைத் திட்டியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது போல.

"ஏனுங்க, ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"என்ன கேக்கறது? கள்ளன் தொடாம இருக்கோணும்னுதானே கட்டுனே. மாதேஸ்வரன் யாரையும் தொட வுடல. நம்மளையும் சேத்துத்தான் வுடல. அவ்ளோதான்."

அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"போ, ஃபிரிட்ஜுல எலுமிச்சம்பழம் இருக்குமே, நாலு எடுத்தா" என்றார் அவர்.

ஜூஸுக்கு வைத்திருந்த பழம்தான், சில்லென்று இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் வைத்தாள். இந்தத் தடவை யாரும் தள்ளவில்லை. வண்டி தானாக நகர்ந்தது. பொட், பொட் என்று நான்கும் நசுங்கின. தகடு இப்போது பூஜையறையில், மாதேஸ்வரன் படத்துக்கு அடியில் இருக்கிறது. வண்டிச் சாவிக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. தீபாவளி அமாவாசைக்கு இருவரும் மலைக்குப் போனார்கள், முந்திரிப்பருப்போடு. கடையில் இராமச்சந்திரன் மறுபடி டெட்ராயிட் கதை கேட்கிறார். வேறு வழியில்லை அவருக்கு.

சரி கண்ணுகளா, கை கால் நீட்டி எழுந்திருங்கள். உங்கள் வீட்டு வண்டி முதல் திருகலிலேயே எழட்டும். காலையில் கிளம்பினவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வாசலுக்குத் திரும்பட்டும். யார் மேலாவது பழி விழுந்தால், அது தண்ணீர் மாதிரி வழிந்து போய்விடட்டும். உங்கள் வீட்டில் கட்டுகிற கைக்கும் அவிழ்க்கிற கைக்கும் எந்நாளும் சண்டை வராமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.