இரண்டாவது கம்பத்துக்கு

1

நூறு சொல் கேட்டார்கள். அதுதான் இந்தக் கதையின் பிறப்பு, வேறு பெருமை எதுவும் இல்லை. எங்கள் வானொலி வருடந்தோறும் ‘ஆண்டின் சிறந்த கோல்’ விருது கொடுக்கிறது. நேயர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இறுதிக்கு வந்த மூன்று கோல்களைப் பற்றியும் ஒரு சிறு புத்தகம் போடுவார்கள், கோலுக்கு நூறு சொல். மூன்றாவது கோல் என் பங்குக்கு வந்தது, அந்த ஆட்டத்துக்கு வர்ணனை சொன்னவன் நான் என்பதால். நூறுதானே என்று தலையாட்டினேன். ஒன்பது நாளாகிவிட்டது. உட்கார முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. நூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘பிஸெர்த் துறைமுகத்தின் மேல் மாலை வெயில் பொன்னாய்…’

(அடித்துவிட்டேன். அன்று மழை.)

இரண்டாம் தொடக்கம்: ‘பதினோரு ஆண்டுகளில் ஒரு கோல்கூடப் போடாத இடது பின்கள வீரர் வஜ்தி, தமது முப்பத்து மூன்றாம் வயதில்…’

(இரங்கல் செய்தி போல இருக்கிறது. ஆள் உயிரோடு இருக்கிறான்.)

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பிஸெர்த் துறைமுக அணிக்கும் தெற்கேயிருந்து வந்த சுரங்க ஊர் அணிக்கும் ஆட்டம். முந்தைய ஆட்டத்தில் நம் ஆட்கள் மைதானத்துக்குள் தீப்பந்தம் எறிந்ததால், மூன்று ஆட்டங்கள் ரசிகர் இல்லாமல் ஆட வேண்டும் என்று தண்டனை. வர்ணனை அறையின் கூரை ஒழுகியது. நான் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு கீழ் வரிசைக்கு வந்து, மைதானத்தின் எல்லைக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தேன்.*

எழுபத்தொன்றாவது நிமிடம். வஜ்தி இடது ஓரமாகப் பந்தோடு ஓடி வந்தான். எதிரணிக் கோல்கீப்பர் நௌஃபல் பந்துக்கு அருகிலிருந்த முதல் கோல் கம்பத்தை ஒட்டிச் சரியாக நின்றான். திடீரென்று இரண்டு அடி எடுத்து, தூரத்திலிருந்த இரண்டாவது கம்பத்தின் பக்கம் போனான். பந்து அவன் விட்டுவந்த இடைவெளி வழியாக உள்ளே போனது.

கிளப் எடுத்த படத்தில் சத்தம் கிடையாது. அதில் பார்த்தால், கோல்கீப்பர் காரணமே இல்லாமல் கதவைத் திறந்து வைத்தது போலத் தெரியும். யாரோ அதற்குக் கல்யாணப் பாட்டுச் சேர்த்துவிட, நாடு முழுக்கக் கைபேசிகளில் ஓடியது. நௌஃபல் அதற்குப் பிறகு மாற்று ஆட்டக்காரர் இருக்கையை விட்டு எழவில்லை. வஜ்தியையும் விடவில்லை. சக ஆட்டக்காரனுக்குத் தூக்கிப் போடப் போன பந்து காலில் வழுக்கிக் கோலாகிவிட்டது, குருட்டு அதிர்ஷ்டத்துக்கு விருதா என்று காப்பிக் கடைக்குக் கடை கேட்கிறார்கள்.

* நடுவர் இரண்டு முறை திரும்பி, “மெதுவாப் பேசுய்யா, இங்க நாங்களும் இருக்கோம்!” என்று கத்தினார். நான் சிரித்தேன். அப்போது புரிந்திருக்க வேண்டும்.

3

வஜ்தி என்னைத் தேடி வந்தது போன செவ்வாய்க்கிழமை. நான் லப்லாபி என்கிற கொண்டைக்கடலைச் சூப் கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து என் கிண்ணத்திலேயே கரண்டியை விட்டான்.

“நூறு வார்த்தை எழுதுறீங்களாமே அண்ணே. நெசத்த எழுதுங்க.”

“எந்த நெசம்? வழுக்கினதா வழுக்கலையா?”

“வழுக்கலண்ணே. தூக்கிப் போடத்தான் போனேன். அதுக்குள்ள நீங்க அங்கேருந்து கத்துறீங்க, ‘வஜ்தி தூக்கிப் போடப் போறார், இரண்டாவது கம்பத்துக்கு!’ன்னு. காலி மைதானம், எனக்கே காதுல விழுது. அடப் பாவி, ஊருக்கே சொல்லிட்டானேன்னு நெனச்சேன். நிமிந்து பாத்தா நௌஃபல் கால் நகருது. அவனுக்கும் கேட்டிருக்கு. அவ்வளவுதான், முதல் கம்பத்துக்கே அடிச்சேன்.”

பிய்த்த ரொட்டியைக் கீழே வைத்தேன். பதினெட்டு வருடம் வர்ணனை சொல்கிறேன். நடந்ததைச் சொல்வதுதான் என் வேலை என்று நம்பியிருந்தேன்.

“பதினோரு வருஷம் மத்தவன் போட்ட கோலுக்குக் கட்டிப்பிடிக்க ஓடினவன் நான்,” என்றான் வஜ்தி. “போட்டது ஒண்ணு. அதையும் வழுக்கினதுங்கிறான். எம் பொண்டாட்டி தம்பியே சொல்றான் அண்ணே! நான் பாத்து, யோசிச்சு அடிச்சேன். அத எழுதுங்க, போதும்.”

(இந்த இடத்தில் வஜ்தியின் கண்கள் கலங்கின என்று எழுதிப் பார்த்தேன். கலங்கவில்லை. என் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னான்.)

4

அந்த நௌஃபலுக்கு விடுதலை கொண்டுபோகிறேன் என்றுதான் தெற்கே கிளம்பினேன். பங்கு டாக்ஸியில் ஆறு மணி நேரம், பக்கத்து ஆளின் ஆட்டுக்கிடாய் முழங்காலில் உரச. பயிற்சி முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ‘உன் மேல் தப்பில்லை, என் வாயில்தான் தப்பு, எழுதிவிடுகிறேன்’ என்றேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது.

“எழுதினீங்க, தொலைச்சுப்புடுவேன்,” என்றான்.

“டேய், ஊரே உன்னக் கேலி பண்ணுது!”

“பண்ணட்டும். தப்பாக் கணிச்சேன், அவ்வளவுதான? எல்லாக் கோல்கீப்பரும் கணிப்புல தப்புவான். நாலு ஆட்டம் நல்லாப் புடிச்சா மறந்துருவாங்க. வர்ணனையக் கேட்டு நகர்ந்தவன்னு தெரிஞ்சா? போற ஊர்லயெல்லாம் வலைக்குப் பின்னாடி ஒருத்தன் நிப்பான் முக்தார் அண்ணே. ‘வலது பக்கம் வருது நௌஃபல், இடது பக்கம் வருது நௌஃபல்’னு. நான் ஓய்வு பெறுற வரைக்கும் நிறுத்த மாட்டான்.”

“வஜ்தியோட கோலு?”

“அவனுக்கு ஒரு கோலு. எனக்கு இதாண்ணே பொழப்பு.” கையுறையால் என் தோளில் தட்டினான். “எழுத மாட்டேன்னு சொல்லுங்க.”

சொன்னேன்.

5

முடிவுகள்.

அ. எழுதிவிடுகிறேன். வஜ்தி யோசித்து அடித்தான் என்று நாடு அறிகிறது, விருது அவனுக்கு. நௌஃபல்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

ஆ. எழுதவில்லை. வாக்குத் தவறாதவன் என்று என்னை நானே மெச்சிக்கொள்ளலாம். வஜ்தியின் மச்சினன் ஒவ்வொரு பெருநாள் விருந்திலும் ‘வழுக்கின காலு எப்படி இருக்கு?’ என்று கேட்பான்.

இ. காற்று அடித்தது என்று எழுதலாம். பிஸெர்த்தில் எதற்கும் காற்றின் மேல் பழி போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எழுதிப் படித்தேன். என் கையெழுத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும் பிரதி ஒன்றும் மேசையில் தயாராக இருக்கிறது. நான் கத்தியது அதில் இல்லை. மழை, ஓட்டம், கோல், கேலி, முற்றுப்புள்ளி. நௌஃபலுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிரதி அதுதான். உங்கள் கையில் இருப்பது எது என்று உங்களுக்கே தெரியும்.

வஜ்திக்காகத்தான் இதை அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். முழுசாக நானே நம்பவில்லை. அந்தக் கோலில் என் குரலும் இருக்கிறது என்று யாருக்காவது தெரியட்டும் என்கிற அரிப்பும் இருந்திருக்கிறது. நௌஃபல் என்னை மன்னிக்க மாட்டான், மன்னிக்கவும் வேண்டாம்.

ஓட்டுப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நான் கேட்பது வேறு. என்றாவது ஒரு நாள் நௌஃபல் ஆடும் மைதானத்துக்குப் போவீர்கள். கோல் வலைக்குப் பின்னால் இடம் கிடைக்கும். எதிரணி ஆள் பந்தோடு ஓடி வருவான், நௌஃபல் உங்களுக்கு முதுகைக் காட்டி, முழங்கால் மடக்கி நிற்பான். நீங்கள் இதைப் படித்தவர். வாயைத் திறப்பீர்களா, மாட்டீர்களா? இந்தக் கதை அங்கேதான் முடிகிறது, அதை நான் எழுத முடியாது.