பன்னிரண்டு நிமிடப் பழம் பறிப்பு

ஸ்மரண்டாவின் நாடகத்தில் நான் பொய் சொன்னேன். எடின்பரோ நாடக விழாவில், காலைக் காட்சியில், அவள் எங்கள் மொழியில் பேசப் பேச நான் மொழிபெயர்த்துச் சுவரில் ஒளியாக விழச்செய்த ஆங்கில வரிகளில் சொன்ன பொய் அது.

நாடகம் அவளே எழுதி அவள் ஒருத்தியே நடிப்பது. கல்லூரி விடுமுறைகளில் கிழக்கு ஐரோப்பாவிலுள்ள எங்கள் க்ளூஜ் நகரத்திலிருந்து போய், ஸ்காட்லாந்துத் தோட்டங்களில் நான்கு கோடைகள் ஸ்ட்ராபெர்ரி பறித்தவள் அவள். கடைசிக் காட்சியில் அவள் வாயே திறக்கமாட்டாள். மண்டியிட்டபடி, தரையில் கிடக்கும் சிவப்புக் கம்பளி உருண்டைகளைப் பன்னிரண்டு நிமிடம் பறித்துக் கூடையில் போடுவாள். மேஸ்திரியின் அதட்டல் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்கும்.

ஊரில் இந்தக் காட்சிக்கு சனம் எழுந்து நின்று கைதட்டியது. இங்கே முதல் நாள் வந்ததே ஒன்பது பேர். அதில் நான்கு பேர் பறிப்பின் நடுவில் எழுந்து போனார்கள்.

எங்கள் அரங்கம் ஒரு மதுக்கடையின் நிலவறை. அதை நடத்தும் அலஸ்டர் கெட்டவர் இல்லை. எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"சனங்க லீவுல வந்திருக்காங்கம்மா. கொஞ்சம் சிரிக்க வைங்க. பறிக்கிறத மூணு நிமிஷமாக் குறைங்க. உங்க ஊர்ல பூவேலை செஞ்ச சட்டை இருக்குமே, அதைப் போட்டுக்கிட்டு ஒரு பாட்டு பாடினாக்கூட நல்லாருக்கும்."

"எங்க ஊர்ப் பேரச் சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்ற ரத்தக்காட்டேரி பல்லு வேணாமா?" என்றாள் ஸ்மரண்டா.

கேலி என்று அவருக்குப் புரியவில்லை. "அது இருந்தா தெருவுல நோட்டீஸ் கொடுக்க ரொம்ப வசதி."

ஸ்மரண்டா எழுந்து போய்விட்டாள். இயக்குநர் ருக்ஸாண்ட்ரா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவகிட்ட பேசிப் பிரயோஜனமில்ல, யூஸ்தினா. நீ மொழிபெயர்ப்பக் கொஞ்சம் இளக்கிடு. சுவர் அவ முதுகுக்குப் பின்னாலதானே இருக்கு."

நானும் இளக்கினேன். 'கையுறை தரவில்லை, விரல்தோல் உரிந்தது' என்ற வரி, 'ஐயோ, என் நகப்பூச்சு போச்சே!' என்று ஆனது.

மூன்றாம் நாள் இருபது பேர் வந்தார்கள். அந்த வரிக்குக் கொல்லென்று சிரித்தார்கள். ஸ்மரண்டா பேச்சை நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பிச் சுவரைப் படித்தாள்.

"மன்னிக்கணும். இது நான் எழுதினது இல்ல. நீங்க சிரிச்சது உங்க தப்பும் இல்ல," என்றாள் கூட்டத்திடம், ஆங்கிலத்தில். பிறகு எங்கள் மொழியில், "அதை அணைடி, யூஸ்தினா."

அணைத்தேன். மீதியை அவளே ஆங்கிலத்தில் பேசினாள். தோட்டத்தில் கற்ற ஆங்கிலம். பாதிச் சொற்கள் மேஸ்திரி அவளைத் திட்டியவை. இலக்கணம் நொண்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு பறிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு நிமிடம் கடந்தும் நிறுத்தவில்லை. அலஸ்டர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவரை நேராகப் பார்த்துக்கொண்டே கடைசி வரிசையையும் பறித்து முடித்தாள். ஆறு பேர் வெளியேறியிருந்தார்கள். மற்றவர்கள் கைதட்டவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கும் இப்படின்னா உங்க நேரத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்," என்றார் அலஸ்டர்.

"கொடுங்க. நாங்க வெளிய படிக்கட்டுல நடிச்சுக்கறோம். பதினஞ்சு நிமிஷம் பறிப்பேன்."

அவர் கொடுக்கவில்லை. காலைக் காட்சிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

திரைக்குப் பின்னால் ஸ்மரண்டா கேட்டாள், "எத்தனை வரி மாத்தின?"

"பதினேழு."

"உக்காரு. எல்லாத்தையும் திருப்பி எழுது. நான் இங்கயே இருக்கேன்."

ஒரு சொல் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மாலைவரை எழுதினோம். ஊரில் முதன்முதலில் மொழிபெயர்த்தபோதே நாகரிகம் கருதி நான் மென்மையாக்கியிருந்த இரண்டு வசவுகளையும் இம்முறை அப்படியே போட்டேன். ருக்ஸாண்ட்ரா மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் முழுக்க மழையில் நின்று நோட்டீஸ் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஒரு பத்திரிகை எங்களுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம் போட்டது. 'பார்வையாளரைச் சற்றும் மதிக்காத பிடிவாதம்' என்று எழுதியிருந்தார்கள். ஸ்மரண்டா அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, நட்சத்திரங்களோடு எங்கள் சுவரொட்டியின் நடுவில் ஒட்டினாள்.

அலஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரெண்டு நட்சத்திரத்தை யாராவது வெளிய காட்டுவாங்களா?"

"நாங்க காட்டுவோம்," என்றேன், பசையை இன்னும் கொஞ்சம் தடவிக்கொண்டே.