துசாந்தினி கொடுத்த இரத்தம்

என் அக்கா அன்னப்பூரணி அன்றைக்கு மயங்கி விழாமல் இருந்திருந்தால் இந்தக் கேடு வந்திருக்காது. வடக்கே ஒரு காணியில் தோண்டியெடுத்த எலும்புகளோடு கிடைத்த சாமான்களை, சொந்தக்காரர் அடையாளம் பார்க்க, புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் ஒரு செப்பு அச்சரக்கூட்டைக் கண்டதும் அக்கா தொப்பென்று விழுந்தாள். மகன் நிலோஜனின் இடுப்பில் அவளே கட்டிவிட்ட தாயத்து அது. பள்ளிக்கூடம் போன பிள்ளையை இயக்கம் கொண்டுபோனது. சண்டை முடிந்தபின் ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

அக்காவைப் பக்கத்து அறையில் கிடத்தி நான் விசிறிக்கொண்டிருந்தேன். அதற்குள், எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க இரத்தம் கேட்டவர்களிடம் அவளுடைய மகள் துசாந்தினி, "அம்மாக்கு ஏலாது, நான் தாறன்" என்று கையை நீட்டி இரத்தம் கொடுத்துவிட்டாள். வந்து பெருமையாகச் சொன்னாள்.

"சின்னம்மா, எலும்பு பழசாம். மரபணுத் தொகுதி சிதைஞ்சு போச்சாம். தாயிட்ட இருந்து மட்டும் வாற ஒரு சின்னத் துண்டு தாக்குப்பிடிக்குமாம். எனக்கும் அண்ணாக்கும் அது ஒண்டுதானாம். அது எங்கட குடிதானே எண்டு டாக்டரிட்டச் சொன்னன். சிரிக்கிறா!"

குடி என்கிற வம்சவழி எங்கள் ஊரில் தாயால்தான் வரும். விசிறியைக் கீழே வைத்தேன்.

துசாந்தினி அக்கா பெற்ற பிள்ளை இல்லை. சுனாமி அலை வந்த அன்று நாவலடியில் அத்தானும் போனார், மூன்று வயது மகளும் அக்காவின் கையிலிருந்து வழுகிப் போனாள். முகாமில் அதே வயதில் ஒரு பிள்ளை, கேட்க நாதியில்லாமல் கத்திக்கொண்டு கிடந்தது. அக்கா அதைத் தூக்கி, போனவளின் பெயரையே வைத்தாள். தெரிந்தவர்கள் நாங்கள் இருவரும் நிலோஜனும்தான். இப்போது அவளுக்குக் கல்யாணம் பேசி, வீடும் கட்டியாயிற்று. குடி தெரியாத பெண்ணுக்கு இங்கே எவன் தாலி கட்டுவான்? அதைவிட, அவளிடம் யார் போய்ச் சொல்வது?

சில மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். மூவரும் போனோம்.

"பொருந்தயில்ல. இது உங்கட அண்ணன் இல்ல" என்றாள் டாக்டர்.

"அப்ப அண்ணா உசிரோட இருக்கார்!" துசாந்தினி அக்காவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். மாப்பிள்ளைக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

டாக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அச்சரக்கூட்டை அடையாளம் காட்டினது நீங்கதானே அம்மா? உங்கட இரத்தத்தையும் ஒருக்காப் பார்ப்பமே."

அக்கா கொடுத்தால் பொருந்தும், நிலோஜன் எலும்பாகவாவது வீட்டுக்கு வருவான். துசாந்தினி யாரோ ஆகிவிடுவாள். வெளியே அவள் போனில் சிரிப்பது கேட்டது.

"வேணாம் புள்ள" என்றாள் அக்கா. "அது வேற கூடு. நான்தான் மாறிக் கண்டுட்டன்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். "நீங்க கூடப்பிறந்தவங்களா? உங்கட இரத்தமும் சரிவரும்."

மேசைக்கு அடியில் அக்காவின் நகம் என் தொடையில் இறங்கியது. "நான் இவட புருசன் வழி" என்றேன். ஒரே வயிற்றில் பிறந்தவள் நான். என் வாயில் புழு விழ!

பாழாய்ப்போன மரபணுப் படிப்பு! தொகுதி முழுவதையும் வாசிக்க ஒரு பிரிவாம், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவாம், எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க இன்னொன்றாம். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினாள். பெற்றவள் எதிரில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்தது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

எழும்பும்போது அக்கா கேட்டாள்: "அந்த எலும்ப என்ன செய்வீங்க?"

"உரிமை கோர ஆளில்லாட்டி இலக்கம் போட்டுப் புதைப்பாங்க."

"ஆழமாத் தோண்டச் சொல்லுங்க புள்ள. நாய் கிளறும்."

வீட்டுக்கு வரும் வழியில் துசாந்தினி வாவி இறால் வாங்கினாள். நிலோஜனுக்கு அதுதான் உயிர். அவளே சமைத்தாள், பாட்டு வேறு. எங்களுக்கு மூன்று சோற்றுக் கோப்பை வைத்தவள் நாலாவது ஒன்றையும் கழுவிக்கொண்டு வந்து வைத்தாள்.

"இனி ஒவ்வொரு நாளும் அண்ணாக்கும் போட்டு வைப்பம். எந்த நேரம் வந்து நிப்பாரோ! நீங்களே போடுங்கம்மா."

அக்கா போட்டாள். "இன்னும் ரெண்டு இறால் வைங்க" என்றாள் துசாந்தினி. அதையும் வைத்தாள்.