நின்ற மோட்டார் ஓடுவதாகச் சொன்ன பெட்டி

1

ஒரு தொழில் மாத இதழுக்காக எழுதப்போன கட்டுரையிலிருந்து கிளை பிரிந்து வந்தது இந்தக் கதை. 1994. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மோட்டார்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் ஒரு சிறு கம்பெனி. வேகத்தைப் பார்க்க மோட்டாரின் சுழலும் தண்டில் சென்சார் கிடையாது. சூட்டைப் பார்க்க அதன் செம்புச் சுருளுக்குள்ளும் கிடையாது. உள்ளே போகும் கரண்டையும் வோல்டேஜையும் வைத்தே பெட்டி இரண்டையும் கணித்துவிடும். "வெளிய தெரியிறத வெச்சே உள்ள இன்னா நடக்குதுன்னு சொல்லிடலாம் சார்" என்றார் அங்கிருந்த பொறியாளர். கட்டுரை அச்சாகிவிட்டது. இந்த வாக்கியத்தை வீட்டுக்கும் எடுத்துப்போகிற ஒருவன் எப்படி இருப்பான் என்று யோசித்தேன். எத்திராஜ் என்று பெயர் வைத்து, அதே கம்பெனியில் வேலையும் கொடுத்தேன்.

2

எத்திராஜ் தன் மனைவியைச் சந்தேகப்பட்டான்.

(அடித்துவிட்டேன். 'கணித்தேன்' என்றுதான் அவன் சொல்லுவான்.)

நூம்பலில் இரண்டு போர்ஷன் வீடு. ஒன்றில் எத்திராஜும் மனைவி புஷ்பாவும். மற்றதில் நாகேந்திரன், கம்பெனியில் எத்திராஜுக்கு ஜூனியர், கல்யாணமாகாதவன். புஷ்பாவுக்குக் குமணன்சாவடியில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை. அவள் இப்போது சாதாரண நாளிலும் கனகாம்பரம் வைக்கிறாள். நாகேந்திரனின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பது எத்திராஜுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சமையலறையில் முணுமுணுக்கும் பாட்டு இவன் நுழைந்ததும் நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் கூட்டினான், விடை வந்தது. அவளைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

3

அந்த வாரம் சோதனை மேசையில், மோட்டார் மெதுவாகச் சுழல்வதாகப் பெட்டி காட்டியது. நாகேந்திரன் தண்டின் முனையில் சாக்பீஸால் கோடு போட்டான். கோடு அசையவில்லை.

"அண்ணாத்தே, மோட்டார் நின்னுகினு கீது. உன் பொட்டி ஓடுதுன்னுது."

"கணக்கு சரியாத்தான் கீது."

"கணக்கு சரி. காலைல ஜில்லுனு இருந்தப்ப எடுத்த ரெசிஸ்டன்ஸத்தான இன்னும் போட்டு வெச்சிருக்கே? இப்ப தொட்டுப் பாரு. தோசை சுடலாம்."

(கட்டுரைக்காரன் குறுக்கிடுகிறேன். செம்புச் சுருள் சூடானால் அதன் மின்தடை கூடும். பழைய எண்ணையே வைத்திருந்தால், வேகமாக ஓடும்போது பிழை அவ்வளவாகத் தெரியாது. மோட்டார் பாரத்தைத் தாங்கி அசையாமல் நிற்கும்போதுதான் பெட்டி இல்லாத சுழற்சியைக் காட்டும்.)

எத்திராஜ் எண்ணை மாற்றினான். வேகம் பூஜ்யத்துக்கு வந்தது. திருத்தியவன் நாகேந்திரன் என்பதுதான் அவனுக்கு உறைத்தது. அன்று மாலையே முத்தாபுதுப்பேட்டையில் வீடு பார்த்தான். அங்கிருந்து குமணன்சாவடிக்குப் பஸ் மாறி மாறிப் போகவேண்டும். புஷ்பா வேலையை விட நேரும். அது தெரிந்துதான் பார்த்தான்.

4

அப்போது புஷ்பாவின் மனதில்

(இதற்கு மேல் எழுதவில்லை. எழுதுகிறவன் நினைத்தால் யார் தலைக்குள்ளும் ஒரு சென்சாரைப் பொருத்தலாம். கனகாம்பரம் யாருக்காக என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எத்திராஜுக்குக் கிடைக்காததை உங்களுக்கு மட்டும் கொடுத்தால், நீங்கள் அவனைவிட நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். காதில் விழுந்ததை மட்டும் தருகிறேன்.)

"முத்தாபுதுப்பேட்டைல ஊடு பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம டெம்போ வருது."

புஷ்பா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு?"

"தண்ணி நல்லா கீதாம்."

"இங்க தண்ணிக்கு இன்னா கேடு? யாரக் கேட்டுப் பாத்த?"

"சொல்றேன்ல."

"நான் வரல. நீ போ."

5

முடிவு ஒன்று: நாகேந்திரனுக்காக வர மறுக்கிறாள்.

முடிவு இரண்டு: அடுத்த மாதம் அவள் சூப்பர்வைசர் ஆகிறாள். அதை வீட்டில் சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தா

(நிறுத்திவிட்டேன். இரண்டிலும் அவள் சொல்வது அதே வார்த்தைகள்தான்.)

எத்திராஜ் இப்போது 'ஏன்' என்று கேட்டால் போதும். அந்தச் சொல்லை அவன் வாயில் பல விதமாக வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் விசாரணையாகவே ஒலித்தது. எடுத்துவிட்டேன். பாதி மடித்த புடவையோடு புஷ்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் கேளுங்கள். பதில் முன்பே தெரியும் என்பவர்கள் மட்டும் தயவுசெய்து கேட்கவேண்டாம்.