காலி பெஞ்சுக்கு இரண்டு பக்கம்

பரீட்சைப் பாடம் எடுக்க வேண்டிய அன்று காலையில் அலர்மேல்மங்கை நாக்குக்கு அடியில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டாள். யோசனை ஜெயம்மாவுடையது. திருப்பதியில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்த பெண்கள் தங்கியிருந்த அறையில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய்.

"வாயத் தொறக்கறப்போ சுருக்குனு காரம் ஏறும். இது இங்கிலீஷ் கிளாசுன்னு அப்ப ஞாபகம் வந்துடும்" என்று ஜெயம்மா சொல்லியிருந்தாள். வெதுருகுப்பத்துக்காரி அவள். எந்தக் கஷ்டத்துக்கும் சமையலறையிலிருந்தே ஒரு வைத்தியம் வைத்திருப்பாள்.

அலர்மேலுவின் வியாதி அப்படி. வகுப்பில் நின்றால், "சரி, கூர்ச்சோ, உக்காரு, சிட் டவுன்" என்று ஒரே மூச்சில் மூன்று பாஷை வந்து விழும். நகரியில் பிறந்தவர்கள் யாரும் அதை வியாதியாக நினைக்கமாட்டார்கள். அங்கே கடைக்காரரிடம் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் குறைத்துக் கேட்டு, மறுபடி தெலுங்கில் கோபித்துக்கொண்டு வருவார்கள். எங்கே ஒன்று முடிந்தது, எங்கே இன்னொன்று தொடங்கியது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

ஆனால் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு புது முறை வந்திருந்தது. இங்கிலீஷ் வகுப்பில் தாய்மொழி ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. பொருளைக் காட்ட வேண்டும், நடந்து காட்ட வேண்டும், பிள்ளைகள் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். பரீட்சை அதிகாரி நாகபூஷணம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தாய்மொழி வரும்போதெல்லாம் தன் தாளில் சிவப்புக் கோடு போடுவார். ஒவ்வொரு கோட்டுக்கும் மார்க் குறையும். அந்தக் கோடுகளால் அலர்மேலு இரண்டு தடவை தவறியிருந்தாள். இது மூன்றாவது, கடைசித் தடவை. பிச்சாட்டூர்ப் பள்ளியில் அவளுக்கு இருந்தது தற்காலிக வேலை. ஜூன் மாதத்திலிருந்து பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்களை வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். இந்தப் பாடத்தில் தேறினால் வேலை. தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நகரிக்குப் போக வேண்டியதுதான்.

நாகபூஷணத்தின் தாளில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. 'மாணவர் தாமாகக் கேட்ட கேள்வி' என்று போட்டு, அதற்குப் பத்து மார்க். பயிற்சிக்கு வந்தவர்கள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். தெரியாத பாஷையில் எந்தப் பிள்ளை எழுந்து கேள்வி கேட்கும்? யாருடைய தாளிலும் அந்தக் கட்டத்தில் சுழியைத் தவிர வேறு எதுவும் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

பாடம் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். ஜெயம்மாவுக்கு 'அண்டர்' வந்தது. மேசைக்கு அடியில் புகுந்து உட்கார்ந்தால் பாதிப் பாடம் முடிந்தது என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அலர்மேலுவுக்கு வந்தது 'பிட்வீன்'.

அந்தச் சீட்டு வந்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். நகரி வாசகசாலையில் பனி பெய்யும் தேசங்களின் கதைகளை அவள் தமிழில் படித்திருக்கிறாள். அவற்றில் ஒன்றிரண்டின் இங்கிலீஷ்ப் புத்தகமும் கிடைத்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பெரிய சொற்களெல்லாம் ஒழுங்காக இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தன. குதிரை குதிரையாகவும், நதி நதியாகவும். சின்னச் சொற்களைத்தான் காணோம். இங்கிலீஷில் பொருளுக்கு முன்னால் நடந்து வழிகாட்டிய அந்தச் சொற்கள், தமிழில் பொருளின் பின்னால் போய் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் 'பிட்வீன்' அவளுக்கு மிகவும் பிடித்தது. மற்றவையெல்லாம் ஒரே ஒரு பொருள் கிடைத்தால் போதும் என்று நிற்கும். இதற்கு மட்டும் இரண்டு வேண்டும்.

பாடம் நடந்தது ஒரு பெண்கள் பள்ளியின் ஆறாம் வகுப்பில். அந்தப் பள்ளியில் இங்கிலீஷுக்கு ஒரே ஆசிரியை இருந்ததால், தெலுங்குப் பிரிவையும் தமிழ்ப் பிரிவையும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பார்கள். ஜன்னல் பக்கம் தமிழ், கதவுப் பக்கம் தெலுங்கு. இரண்டுக்கும் நடுவில் அகலவாக்கில் ஒரு நீள பெஞ்சு காலியாகக் கிடந்தது. யாரும் அப்படி விடச் சொல்லவில்லை. முதல் நாள் பிள்ளைகளே விட்டார்கள். பிறகு அதன் மேல் பைகளும் டிபன் டப்பாக்களும் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அலர்மேலு மேசையில் இரண்டு மசிப்புட்டிகளை வைத்து, சரியாக நடுவில் ஒரு சாக்குக்கட்டியை நிறுத்தினாள். சொல்லைச் சொன்னாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். கூடம் அதிர்ந்தது. சாக்குக்கட்டியை எடுத்துவிட்டுப் பென்சிலை வைத்தாள், பிறகு கோலிக்குண்டை வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் 'பிட்வீன்' என்று நாற்பது குரல். ஒரு இடத்தில் அவளையறியாமல் "சரி" என்று வந்துவிட்டது. கோலிக்குண்டு உருண்டு விழுந்தபோது "அய்யோ" என்றும் வந்துவிட்டது. பின்வரிசையில் நாகபூஷணத்தின் சிவப்புப் பென்சில் இரண்டு தடவை அசைந்தது. அவள் கிராம்பை நாக்கால் அழுத்திக்கொண்டாள்.

அடுத்ததாக, சாக்குக்கட்டியை இடது புட்டிக்கு நெருக்கமாக நகர்த்தி வைத்து, இப்போது எங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள்.

ஒரு பெண் "நோ பிட்வீன்" என்றாள். எல்லோரும் "நோ" என்றார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் தெலுங்குப் பிள்ளைகள் 'நடும' என்று நினைத்துக்கொண்டார்கள், தமிழ்ப் பிள்ளைகள் 'நடு' என்று நினைத்துக்கொண்டார்கள். நடு என்றால் நட்டநடுதான், அளந்து வைத்ததுபோல். அவள் தாய்மொழி பேசாவிட்டாலும் அத்தனை தலைக்குள்ளும் அது பேசி முடித்திருந்தது. இல்லை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருந்தால் போதும், எதற்குக் கிட்டே இருந்தாலும் இதே சொல்தான் என்று ஒரு வரியில் தமிழில் சொல்லலாம், தெலுங்கில் சொல்லலாம். சொல்லக்கூடாது. சாக்குக்கட்டியை இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பிள்ளைகள் விடாப்பிடியாக "நோ" என்றார்கள்.

அப்போதுதான் அந்தக் காலி பெஞ்சைப் பார்த்தாள்.

மேசையை விட்டு விலகிவந்து, பைகளை ஒதுக்கி, பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்ததும் சிரிப்பு கிளம்பியது. ஒரு கையால் தெலுங்குப் பக்கத்தைக் காட்டினாள், மறு கையால் தமிழ்ப் பக்கத்தைக் காட்டினாள், நான் எங்கே என்று கேட்டாள். "பிட்வீன்" என்றார்கள். கதவுப் பக்கமாக நகர்ந்து, ரத்தினம்மா என்கிற பெண்ணின் தோள் இடிக்கும்வரை போனாள். இப்போது எங்கே? ரத்தினம்மா தன் தோளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். மெதுவாக, "பிட்வீன்" என்றாள். அலர்மேலு ஜன்னல் பக்கம் நகர்ந்து செல்வி என்கிற பெண்ணை இடித்தாள். "பிட்வீன்" என்று கூடமே சொன்னது. அவள் போகும் இடமெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது. பின்வரிசையில் பென்சில் அசையவில்லை. இப்படியே மணி அடித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி எழுந்து நின்றாள்.

"டீச்சர், பரீட்ச முடிஞ்சதும் எங்க பக்கத்துல பதினோரு பேரு திருத்தணி பூடறாங்க. மீதி இருக்கறவங்களயும் தெலுங்குல சேத்துடுவாங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க. அப்ப இந்த பெஞ்சு எதுக்கு நடுவுல இருக்கும்?"

அது அறுபதாம் வருஷத்து மார்ச் மாதம். ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மதராஸோடு சேர்கிறது, சத்தியவேடு ஆந்திராவோடு சேர்கிறது என்று பேப்பரில் வந்துவிட்டது. அந்தப் பதினோரு பேரின் அப்பாமாரும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்கள். மதராஸ் பக்கமே போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செல்வியின் அப்பாவுக்கு ரேணிகுண்டாவில் ரயில் வேலை. அவர் எங்கும் போகவில்லை.

அலர்மேலு ஒரு கணம் மேசையைப் பார்த்தாள். ஒரு மசிப்புட்டியை எடுத்துவிட்டுக் காட்டலாம். கையைக் காலியாக விரித்துக் காட்டினால் முறைப்படி அதுதான் பதில், கோடும் விழாது. ஆனால் அந்தப் பெண் புட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. நின்றபடியே நின்றாள். நாற்பது பேரும் அவளைப் பார்த்து, பிறகு டீச்சரைப் பார்த்தார்கள்.

பல்லுக்கு இடையில் கிராம்பு நொறுங்கியது. வாயெல்லாம் எரிந்தது.

"ஒரு பக்கம் இல்லாம பூட்டா, பிட்வீன் கெடையாதும்மா" என்றாள் அலர்மேலு. "இருக்கற பக்கத்துக்குக் கிட்டன்னு சொல்லிக்கலாம். அதுக்கு வேற வார்த்த இருக்குது, நாளைக்கு உங்க டீச்சர் சொல்லித் தருவாங்க. ஆனா அது இது இல்ல. இதுக்கு ரெண்டு பேரும் வேணும்."

டீச்சர் என்ன சொன்னாள் என்று கதவுப் பக்கம் சலசலத்தது. ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அதையே தெலுங்கிலும் சொன்னாள். ஒன்றுக்கு இரண்டாகக் கோடு விழுந்தது.

செல்வி யோசித்துவிட்டு, "அப்ப இருக்கறவரைக்கும் இங்க உக்காந்துக்கறேன்" என்று, யாரையும் கேட்காமல் தன் பையை எடுத்துக்கொண்டு காலி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மணி அடித்தது.

பாடம் முடிந்ததும் குறை நிறை பேசுவார்கள். உடன் பயிற்சி பெற்ற பெண்கள் ஒவ்வொருவராக நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்கள். மசிப்புட்டி சின்னது என்றாள் ஒருத்தி. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தது மரியாதையாக இல்லை என்றாள் இன்னொருத்தி. ஜெயம்மா நோட்டை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு நாகபூஷணம் அலர்மேலுவைக் கூப்பிட்டார்.

"நாலு கோடு. எண்ணிக்கினியா?"

"எண்ணினேன் சார்."

"கடைசி ரெண்டும் தெரிஞ்சே பேசினதா?"

"தெரிஞ்சேதான் சார்."

"வாய்ல என்னா?"

"கிராம்பு சார்."

"பல்வலியா?"

"இல்ல சார்."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷமாக இந்த வேலை செய்வதாகவும், பிள்ளைகள் பதில் சொல்லித்தான் பார்த்திருப்பதாகவும், தாமாகக் கேள்வி கேட்டுப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு தமிழ்ல கேட்டா. அதனால என்னா? பாடம் புரியாதவ அதக் கேக்க முடியாது."

கடைசிக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். பக்கத்தில் பத்து என்று எழுதினார். கோடுகளுக்கு எட்டு மார்க்கைக் கழித்தார், அதில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டிப் பார்த்தால் நாற்பத்திரண்டு. தேறுவதற்கு நாற்பது வேண்டும்.

அவள் வெளியே வந்தபோது ஜெயம்மா மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கிராம்பினால்தான் என்று சொல்லி, பேருக்கு ஒரு தடவை தன் முதுகிலேயே தட்டிக்கொண்டாள். அது நொறுங்கிப்போன விஷயத்தை அலர்மேலு சொல்லவில்லை.

வாசலுக்குப் போகும் வழி அந்தக் கூடத்தின் ஜன்னலை ஒட்டியே போனது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளை. பைகளும் டப்பாக்களும் தரைக்கு இறங்கியிருந்தன. பெஞ்சில் செல்வி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று ஜெயம்மா பிறகு அறையில் எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் அலர்மேலு பார்த்தது இன்னொன்றும் உண்டு. பெஞ்சின் மறுகோடியில் ரத்தினம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு நடுவில், ரத்தினம்மாவின் பக்கம் கொஞ்சம் தள்ளி, ஒரு ஊறுகாய்க் கிண்ணம் இருந்தது.