சாப்பாட்டோட ஒண்ணு

தலைமைச் செவிலியர் வார்டுக்குள் நுழைந்தால் மின்விசிறிகூட மூச்சைப் பிடித்துக்கொள்ளும். செவிலியர் பயிற்சி மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் ‘இடி’. அன்று செய்முறைத் தேர்வு வேறு.

“மருந்து குடுக்கறதுல அஞ்சு ‘சரி’ இருக்கே, சொல்லு.”

முன்னால் நின்ற மாணவி விரல்விட்டு எண்ணினாள். “சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி...” ஐந்தாவது பறந்தேபோனது. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்ட தேர்வு. இன்றும் தவறினால் ஓராண்டு வீண்.

“வீட்டுக்குப் போறாரே அவருக்கு மாத்திரையைக் குடு. அதுக்குள்ள ஞாபகம் வரலேன்னா நீயும் கூடவே கிளம்பிடு.”

வீட்டுக்குப் போகிறவர் பேக்கரிக்காரர். அவர் உட்கார்ந்தால் கட்டில் தொட்டிலாகிவிடும். சர்க்கரை மாத்திரை போட்டு, சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி, அடுப்படியில் மயங்கி விழுவதே அவருக்கு வழக்கமாகிவிட்டது. “ஒழுங்கா மாத்திரை போடணும்” என்று டாக்டர் அதட்டுவார். மனிதர் பூனைக்குட்டியாய்த் தலையாட்டுவார்.

“வீட்ல எப்படிங்கய்யா போடுவீங்க?” என்று கேட்டாள் மாணவி.

“சொன்னபடிதான் சிஸ்டர். சாப்பாட்டோட ஒண்ணு.”

“எத்தனை தடவை சாப்பிடுவீங்க?”

அவர் மனைவி முந்திக்கொண்டார். “அதை ஏம்மா கேக்கறே! விடிஞ்சா ஒரு தட்டு, அடுப்பு சூடானா ஒரு தட்டு, ரொட்டி வெந்தா ஒரு தட்டு. மத்தியானம், சாயங்காலம், ராத்திரி... அப்புறம் தூக்கம் வரணுமாம், அதுக்கு ஒரு பிடி!”

“அத்தனைக்கும் மாத்திரையா?”

“ஒரு வேளைகூட விட்டதில்ல!” என்றார் பேக்கரிக்காரர், பதக்கம் வாங்கியவர் போல.

வார்டே குலுங்கிச் சிரித்தது. மாணவி மட்டும் துள்ளினாள். “நேரம்! சரியான நேரம்! அதான் மேடம் அஞ்சாவது! போட்ட மாத்திரை உடம்புல வேலை செஞ்சுகிட்டிருக்கும்போதே மேல மேல போட்டிருக்காரு!” பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “டாக்டர் எழுதினது காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுங்கய்யா. நடுவுல எத்தனை தட்டு காலியானாலும் மாத்திரை கிடையாது. எங்கே, நீங்க சொல்லுங்க?”

அவர் பிசகாமல் திருப்பிச் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்தார். “சந்தேகம் இருந்துச்சும்மா. கேட்டா திட்டுவாங்களேன்னு...”

இடி முழங்கவில்லை. மாணவியின் தோளில் கைவைத்தார்.

“நீ பாஸ். இவரைத் திட்டத்தான் இங்க ஆளுக்கு ஆள் இருந்தோம். எப்படிப் போடறீங்கன்னு ஒருத்தரும் கேக்கல, நான் உள்பட. எல்லாரும் கேட்டுக்குங்க. மாத்திரையைக் கையில வெச்சா பாதி வேலைதான் ஆச்சு. புரிஞ்சுதான்னு கேக்கறதுதான் மீதி. நோயாளி வாயைத் திறக்கவே பயந்தார்னா, நாம குடுக்கற அமிர்தமும் விஷம்தான்!”